இடக்கண்ணில் நின்றவள்

"கொஞ்சம் தள்ளி நில்லு இவளே, நிழல் விழுது" என்றார் மாஸ்டர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே. கடையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது. மிஷினில் இருந்தவள் அவருடைய மகள். வேறு யாரும் கடையில் இல்லை. மாஸ்டர் வாழ்நாளில் 'இவளே' என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தியைத்தான். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. பழக்க தோஷம். நீ வேலையைப் பாரு."

மகள் அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

பழக்க தோஷம் என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அந்தக் கடையில் துணி வெட்டுகிற மேசை ஜன்னலை ஒட்டிக் கிடக்கும். இடது பக்கம் ஜன்னல், அந்த வெளிச்சத்தில்தான் மாஸ்டர் வெட்டுவார். டியூப்லைட்டைப் போட்டால் கோடு இரண்டாகத் தெரிகிறது என்று சண்டைக்கு வருவார். ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் மனைவி நின்று, துணி நழுவாமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடிப்பாள். அங்கே நின்றால் நிழல் விழும். விழுந்தால் இவர் கத்துவார். அவள் அரை அடி நகருவாள், அடுத்த கோடு போடுவதற்குள் பழைய இடத்துக்கே வந்துவிடுவாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த இந்தக் கூத்து, மகள் பிறந்து வளர்ந்து, கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அதே கடையில் மிஷின் போட்டு உட்கார்ந்த பிறகும் நின்றபாடில்லை. ஒரு நாள் காலையில் அவள் படுக்கையிலிருந்து எழுந்திருக்காமல் போனாள். அன்றோடு நின்றது.

இப்போது மறுபடி அதே இடது பக்கமிருந்து வெள்ளைத் துணி மேல் நிழல் விழுகிறது. மாஸ்டர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். யாரும் இல்லை, ஆனால் நிழலும் அவரோடு நிமிர்ந்தது. சுவரைப் பார்த்தார், சுவரில் நின்றது. வலது கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது: உருண்டையாக ஒரு தலை, ஒரு பக்கம் சரிந்த தோள், கீழே போகப் போகப் புகையாகக் கலைகிற உடம்பு. இடது கண்ணை மூடினால் ஆளே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். நம்ம மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வந்தவளை ஆசை தீரப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்குச் சர்க்கரை உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல வருஷத்துச் சொந்தம் அது. மனைவி இருந்தவரை மாத்திரை, ரத்தப் பரிசோதனை, எல்லாம் அவள் பாடு. வருஷா வருஷம் கண்ணைக் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதும் அவள்தான். அவள் போன பிறகு ஞாபகம் வந்தால் மாத்திரை, வராவிட்டால் அதுவும் இல்லை. கண்ணைக் காட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. மகள் கேட்டால் "எல்லாம் போட்டாச்சு, எல்லாம் பாத்தாச்சு" என்று வாயை அடைத்துவிடுவார்.

வந்தவளுக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. காலையில் கண் விழித்தால் அறை முழுக்க அவள்தான். கூரை, சுவர், அலமாரி எல்லாவற்றின் மேலும் படர்ந்திருப்பாள். அவர் எழுந்து உட்கார்ந்து, பல் தேய்த்து, காப்பி குடிப்பதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு ஓர் ஆளாகி ஓரமாக ஒதுங்குவாள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே? விடிந்ததும் வீடு முழுக்க அவள் சத்தம், கடை திறந்த பிறகு அவர் பக்கத்தில் ஓரமாக ஓர் இடம். நேருக்கு நேர் பார்த்துவிடலாம் என்று கண்ணைத் திருப்பினால் அவளும் திரும்புவாள், கொஞ்சம் பிந்தி, யோசித்து யோசித்து. முகத்தை மட்டும் காட்ட மாட்டாள். பேசவும் மாட்டாள்.

"ஏதாவது திட்டித் தொலையேன்" என்று மகள் இல்லாத நேரத்தில் கெஞ்சிப் பார்த்தார். "மாத்திரை போடலன்னு திட்டேன். ரெண்டு நாளா போடல, தெரியுமா?"

அவள் ஜன்னல் கம்பிகளின் மேல் மெல்ல ஆடிக்கொண்டு நின்றாள். செத்தவளைப் பார்த்து அவருக்குப் பயமே வரவில்லை. அவள் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் ராத்திரி பகலாக அவரை அரித்தது.

வெளிர் நிறத்தில்தான் அவள் நன்றாகத் தெரிந்தாள். அதனால் மாஸ்டர் வெள்ளை வேலையாகப் பார்த்து எடுத்தார். நர்சுகளின் சட்டை, ஆய்வுக்கூடத்து அங்கி, பள்ளிக்கூடச் சீருடை. கலர் துணியோடு வந்தவர்களிடம் "தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று கையை விரித்தார். ஒரு வக்கீலை மட்டும் தட்டிக்கழிக்க முடியவில்லை, அவ்வளவு பழைய வாடிக்கை. கறுப்புக் கோட்டு. கறுப்புத் துணியை விரித்ததும் அவள் இருக்குமிடம் தெரியாமல் போனாள். மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கோடு போடுவார், நிமிர்ந்து சுவரில் இருக்கிறாளா என்று பார்ப்பார், குனிவார். இந்த லட்சணத்தில் கோட்டுக்கு ஒரு கையை வெட்டி எடுத்துவிட்டு, துணியைத் திருப்பிப் போடாமல் அதே வாட்டத்தில் இன்னொரு கையையும் வெட்டி வைத்தார்.

கோட்டோடு கையைப் பூட்டித் தைக்கிறபோதுதான் மகள் கண்டுபிடித்தாள்.

"என்னப்பா இது? வக்கீலுக்கு ரெண்டும் இடது கையா?"

"அவர் வாதாடுற அழகுக்கு அது போதும்" என்று மாஸ்டர் சிரித்து மழுப்பினார்.

மகள் சிரிக்கவில்லை. நேற்று வேலைக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு. அவள் எழுந்து வந்து, அவருடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, இன்னொரு கையை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எத்தனை விரல்?"

மாஸ்டருக்கு விரலே தெரியவில்லை. விரலுக்கு முன்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். சொட்டு மருந்து விட்டு, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண் கூசக் கூச வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கண்ணுக்குள்ள கூழ் மாதிரி ஒண்ணு நிறைஞ்சிருக்கும். சர்க்கரையால பின்பக்கம் புதுசு புதுசா ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. ஒண்ணுக்கும் பலம் கிடையாது. அதுல ஏதோ ஒண்ணு உடைஞ்சு, ரத்தம் அந்தக் கூழுக்குள்ள கலந்து நிக்குது. நீங்க பாக்கிற நிழல் அந்த ரத்தம்தான்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை.

"இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உடனே ஆபரேஷன். ரத்தத்தையும் கூழையும் வெட்டி உறிஞ்சி எடுத்துட்டு லேசர் வெச்சுடுவோம். சில வாரத்துல தெளிவா தெரிய ஆரம்பிக்கும், திரும்பக் கசியறதும் கம்மி. ஆனா ஆபரேஷன்னா அதுக்குண்டான ஆபத்தும் கொஞ்சம் இருக்கும். இன்னொண்ணு, கண்ணுக்குள்ள ஊசி. மாசத்துக்கு ஒண்ணு. குழாயெல்லாம் சுருங்கும். ரத்தம் தானா கரையும், ஆனா மாசக்கணக்கா ஆகும். நடுவுல திரும்பக் கசிஞ்சாலும் கசியும்."

"எது நல்லது டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கொஞ்சம் பேருக்கு இது, கொஞ்சம் பேருக்கு அதுன்னு பண்ணி ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. அரை வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் பார்வை ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆபரேஷன்ல சீக்கிரம் தெரியும். ஊசியில ஆரம்பிச்சுக் கடைசியில ஆபரேஷனுக்கு வர்றவங்க உண்டு, ஆபரேஷன் பண்ணிட்டு ஊசி போட்டுக்கிறவங்களும் உண்டு. எதை எடுத்தாலும் தப்பில்ல." டாக்டரம்மா மாஸ்டரைப் பார்த்தார். "ஆனா ஊசின்னா தவறாம வரணும். பாதியில விட்டா அந்தக் குழாயெல்லாம் தழும்பாகி, விழித்திரையைப் பிடிச்சு இழுத்துடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் பழைய பார்வை வராது."

"ஆபரேஷனே பண்ணிடலாம்ப்பா. கத்திரி பிடிக்கணும்ல."

மாஸ்டர் டாக்டரம்மாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வெட்டி எடுக்கிறதை என்ன பண்ணுவீங்க?"

"எதை?"

"உள்ள இருக்கிறதை."

"மிஷின்ல ஒரு பை இருக்கு, அதுல போய்ச் சேரும். அப்புறம் குப்பைதான். ஏன்?"

"எனக்கு ஊசியே போதும்" என்றார் மாஸ்டர்.

மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் ஒற்றைக்காலில் நின்றார். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "காலம் பூரா கத்திரி பிடிச்சவருக்குக் கத்தின்னா பயமா?" என்று கேட்டதற்கு "ஆமா, பயம்தான்" என்று ஒப்புக்கொண்டார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். முதல் தடவை மனைவி சொல்லாமல் கொள்ளாமல் ஒரே ராத்திரியில் போனாள். போகத்தான் வேண்டுமென்றால் இந்தத் தடவை மெல்லப் போகட்டும், தினம் கொஞ்சமாகப் போகட்டும், அவர் பார்த்துக்கொண்டிருக்கப் போகட்டும். இதை எந்த மகளிடம் எந்த வாயால் சொல்வது?

கண்ணுக்குள் ஊசி என்றால் கேட்கிறவர்களுக்குத்தான் குலை நடுங்கும். போட்டுக்கொள்கிறவருக்கு அவ்வளவு இல்லை. மரத்துப்போக மருந்து விட்டு, சுற்றிலும் பழுப்பு மருந்து தடவி, இமைகளை ஒரு கம்பியால் பிடித்துக்கொண்டு "மேல பாருங்க" என்கிறார்கள். ஒரு அழுத்தம், அவ்வளவுதான். பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். முதல் ஊசிக்கு மகள் கூடவே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதற்குப் பிறகு அவளுடைய கால்கள் கரைந்துபோயின. மகளுடைய கால்கள் இல்லை, மற்றவளுடையது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், மேசை விளிம்பிலிருந்து முளைத்த மாதிரி நின்றாள். தோளும் மெலிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஜன்னல் கம்பி தெரிந்தது.

"நல்லா தெரியுதாப்பா?" என்று மகள் தினமும் கேட்டாள்.

"தெரியுது தெரியுது" என்றார் மாஸ்டர். பார்வை வந்துகொண்டிருந்தது. நூலைக் கோர்க்க முடிந்தது. வீடு மறுபடியும் காலியாகிக்கொண்டிருந்தது. மெல்லப் போனால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர் போட்ட கணக்கு தப்பிவிட்டது. ஒரே ராத்திரியில் போனதைவிட இது கொடுமையாக இருந்தது.

தலையை உயர்த்திப் படுத்தால் ரத்தம் கீழே தங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், மகள் தலையணைகளை அடுக்கி வைத்துவிட்டுப் போவாள். அவள் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் மாஸ்டர் எல்லாவற்றையும் உருவித் தள்ளிவிட்டு மட்ட மல்லாக்கப் படுத்துக்கொள்வார். விடியும்போது மிச்சமிருக்கிறவள் கொஞ்சமாவது அறையில் பரவியிருப்பாளே என்ற ஆசை. அது போதாமல்தான் மூன்றாவது ஊசிக்குத் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று கிளம்பினார். கடையில் வேலை குவிந்திருந்ததால் மகளும் சரி என்றாள். ஆஸ்பத்திரி வாசல்வரை போய், எதிரே இருந்த கடையில் சர்க்கரை போட்டே ஒரு டீ குடித்துவிட்டு, மருந்துக்கடையில் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி, பொதுக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று தானே ஒட்டிக்கொண்டு திரும்பினார். மகள் பரிவாகக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். அடுத்த மாதமும் அதே நாடகம்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அவர் கண் விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. வலது கண்ணில் விடிந்திருந்தது, இடது கண்ணில் அவள் இருந்தாள். முழுசாக, காலோடு, முன்னைக்காட்டிலும் அடர்த்தியாக. "வந்துட்டியா?" என்று மாஸ்டர் சத்தமாகவே கேட்டுவிட்டார். அன்றைக்கு அவர் முகம் கழுவும்போது பாடினார், கடையில் வேண்டாத ஜோக்கெல்லாம் அடித்தார். வெள்ளைத் துணியை விரித்துப் போட்டு, அவள் பிடிக்க இவர் வெட்ட, மதியம்வரை நிமிரவில்லை. அந்தச் சில நாட்கள் அவர் சந்தோஷமாக இருந்தார். இதைச் சொல்ல எனக்குக் கோபமாகத்தான் வருகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. இடது கண்ணின் கீழ்ப்பக்கத்திலிருந்து வேறொன்று ஏற ஆரம்பித்தது. அது அவள் இல்லை. அவளைப் போல ஆடவில்லை, அசையவில்லை, திரண்டு ஒதுங்கவும் இல்லை. ஒரு கறுப்புத் திரை, விளிம்பு கொஞ்சம் சுருங்கின மாதிரி. முதல் நாள் அவள் காலை மூடியது. மறுநாள் இடுப்பு. இது ஊசியால் கரைந்தது போல் இல்லை, அவளை யாரோ உள்ளே இழுத்துக்கொள்வது போல இருந்தது. மாஸ்டருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அவர் தலையை ஆட்டிப் பார்த்தார், மல்லாந்து படுத்துப் பார்த்தார், குப்புறப் படுத்துப் பார்த்தார். திரை அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. சொன்னால் குட்டு உடைந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு, அடுத்த ஊசி தேதிக்கும் பஞ்சும் கையுமாகக் கண்ணாடி முன்னால் நின்றார்.

அன்று மாலை மகள் சொட்டு மருந்து விடுவதற்காகப் பிளாஸ்திரியைப் பிரித்தாள். பிரித்தவள் அதைத் தூக்கிப் போடாமல் விரலில் ஒட்ட வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில பிளாஸ்திரியைக் கையால கிழிப்பாங்கப்பா" என்றாள். "முதல் தடவை நான் பக்கத்துல நின்னேன். ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருந்துச்சு."

அவள் விரலில் இருந்த துண்டு நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. மூலைகள் குத்தாமல் இருக்கத் துளி வளைத்தும் வெட்டியிருந்தார், சட்டைக் காலருக்கு வெட்டுவது போல. கழிப்பறையில் நின்றுகொண்டு, திருட்டுத்தனம் பண்ணுகிற நேரத்தில்கூட, கோணலாக வெட்ட அவருக்குக் கை வரவில்லை.

"எத்தனை ஊசி போடல?"

அவர் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கடையைக்கூடப் பூட்டாமல், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

விழித்திரை பிய்ந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை, திட்டினால் தேவலை போலிருந்தது மாஸ்டருக்கு. "இப்ப ஆபரேஷனா ஊசியான்னு யோசிக்க ஒண்ணுமில்ல. ஆபரேஷன்தான். முன்னாடியே பண்ணியிருந்தா ரத்தத்தை எடுக்கிறதோட போயிருக்கும். இப்ப தழும்பையெல்லாம் உரிச்சு எடுத்து, விழித்திரையை ஒட்ட வைக்கணும். எவ்வளவு மிஞ்சுதோ அவ்வளவு" என்றார்.

முகத்தின் மேல் பச்சைத் துணியைப் போட்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். கண்ணைச் சுற்றி மரத்திருந்தது, ஆனால் மாஸ்டர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். பேசக்கூடாது, அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எங்கோ பக்கத்தில் மிஷின் படபடவென்று ஓட ஆரம்பித்தது. கறுப்புக்குள் ஒரு வெளிச்சம் நுழைந்தது, கூடவே மெல்லிய கம்பி ஒன்று. கம்பி நீண்டு வந்து அவள் தோளைத் தொட்டது. தோள் போயிற்று. அப்புறம் கை. வலி ஒன்றும் இல்லை. அவள் சுழன்றாள், ஆடினாள், வெளிச்சம் பட்டுத் துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் கம்பியின் வாய்க்குள் ஓடிப் போயிற்று. கடைசியில் தலை மட்டும் மிஞ்சியது. அது மெல்லத் திரும்பியது. இத்தனை மாதம் காட்டாத முகத்தை இப்போது காட்டப்போகிறாள் என்று மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது.

ஒட்டிய விழித்திரை நழுவாமல் இருக்க உள்ளே வாயுவை அடைத்து, சில நாள் குப்புறவே கிடக்கவேண்டும் என்று அனுப்பினார்கள். வட்டமாக, நடுவில் ஓட்டை விட்டு, மகள் ஒரு தலையணை தைத்து, ஓட்டை கட்டில் விளிம்புக்கு வெளியே வரும்படி வைத்தாள். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மாஸ்டர் தரையைப் பார்த்துக் கிடந்தார். இடது கண்ணில் இனி ஆள் வந்தால் ஆள் என்று தெரியுமாம், யார் என்று தெரிவது சந்தேகமாம். வலது கண்ணிலும் குழாய் முளைக்க ஆரம்பித்துவிட்டதாம். அதைக் காப்பாற்றுவது உங்கள் கையில் என்று டாக்டரம்மா அவரிடம் சொல்லாமல் மகளிடம் சொன்னார்.

மகள் வேளைக்குச் சாப்பாடு கொடுத்தாள், மருந்து விட்டாள். "தலையைத் தூக்காதீங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மத்தியானம் தட்டை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏன்ப்பா?"

கால் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. முகம் தெரியாதது வசதியாகப் போயிற்று. மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வெள்ளைத் துணியில் விழுந்த முதல் நிழல், காலையில் அறை முழுக்கப் பரவினது, கறுப்புக் கோட்டு, தலையணைகளை உருவியது, கரைந்த கால்கள், திரும்பி வந்த காலை. கேட்டால் பைத்தியம் என்பாள், கண்ணைக் கெடுத்துக்கொண்டாயே கிழவா என்பாள், என்னவோ சொல்லட்டும் என்று இருந்தது.

தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் தரையில் உட்கார்ந்து, மல்லாந்து, கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டாள். தலையணை ஓட்டைக்கு நேர் கீழே அவள் முகம் வந்தது. வலது கண்ணில் தெளிவாகத் தெரிந்தது. அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"அடுத்த வாரம் வலது கண்ணுக்கு ஊசி. வருவீங்களா?"

"வர்றேன்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம வர்றேம்மா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அம்மா போனதுக்கப்புறம் எனக்கு ஒரு கனவுகூட வரலப்பா. தினம் நினைச்சு நினைச்சுப் படுப்பேன். ஒரு தடவைகூட வரல. நீங்க பத்தடி தள்ளி நின்னு தினம் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பியே."

"போயிருப்பேன்" என்றாள் மகள். "ஆனா போற வழியில கேட்டிருப்பேன்ல, அம்மா எப்படி இருக்காங்கன்னு."

வலது கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்ப சொல்லுங்க. தலை எப்படி வாரியிருந்தாங்க?"

தலை என்று அவர் பார்த்தது ஒரு கறுப்பு உருண்டை. மாஸ்டர் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.